ஆக்வர்டுக்கு ஒரு சேவியர்

ஆகஸ்ட் 4, திங்கள்

கமலவேணி மேடம் இன்று எல்லோருக்கும் ஆளுக்கொரு தடித்த நோட்டு கொடுத்தார். தினமும் நாட்குறிப்பு எழுத வேண்டுமாம். சொல்லோடு வேலை பார்ப்பவர்களுக்கு அது பயிற்சியாம். நான் இன்ஜினியர், சொல்லோடு வேலை பார்ப்பவன் இல்லை என்றேன். "அப்ப மூணு மாசமா இங்க என்ன பண்ணிட்டிருக்கீங்க, லூர்து?" என்று கேட்டார். எழுதுகிறேன்.

என்ன பண்ணிக்கொண்டிருக்கிறேன் என்றால், திருச்சி தில்லைநகரில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு மேலே, மூன்றாவது மாடியில், ஆங்கிலம்–தமிழ் அகராதி தயாரிக்கும் பணியகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். படித்தது இன்ஸ்ட்ருமென்டேஷன். இதற்கு முன், அழுத்தம் அளக்கும் பிரஷர் கேஜ்களைச் சோதிக்கும் ஒரு லேபில் இருந்தேன். வாங்க வந்த கஸ்டமர் முன்னால் "இந்த கேஜ் பொய் சொல்லுது" என்று சொன்னேன். கேஜ் அங்கேயே இருக்கிறது. நான் இங்கே வந்துவிட்டேன்.

என்னை எடுத்தது அகராதிக்கு மென்பொருள் எழுத. அதை ஆறு வாரத்தில் முடித்துவிட்டேன். அதில் ஏற்றுவதற்குத்தான் சொல் இல்லை. ஒன்பது வருடமாக இவர்கள் இன்னும் ஆங்கில 'ஏ' எழுத்திலேயே இருக்கிறார்கள். எனவே மீதிச் சொற்களுக்கு என்னையும் அட்டை எழுதச் சொல்லிவிட்டார்கள். செப்டம்பர் 30 அன்று 'ஏ' தொகுதி அச்சகத்துக்குப் போக வேண்டும். என் தகுதிகாண் காலம் முடிவதும் அன்றுதான். "ஏ போச்சுன்னா நீங்க நிரந்தரம். போகலன்னா, பாப்போம்" என்றார் மேடம். 'பாப்போம்' என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். போன கம்பெனியிலும் அதைத்தான் சொன்னார்கள்.

தாமதத்துக்குக் காரணம் ஒரே ஒரு விதி. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'கேட்ட வாக்கியம்' வேண்டும். அந்த ஆங்கிலச் சொல் வரவேண்டிய இடத்தில் ஒரு தமிழர் தன் வாயால் தமிழில் என்ன சொன்னார் என்று அட்டையில் எழுத வேண்டும். யார், எங்கே, எந்தத் தேதியில், எந்தச் சூழ்நிலையில் என்பதும் வேண்டும். நாமே உருவாக்கக் கூடாது. நாம் பேசியதையும் எழுதக் கூடாது. பெயர் தெரியாவிட்டால் 'வழிப்போக்கர்' என்று போடலாம், ஆனால் ஒரு எழுத்துக்கு நாற்பது வழிப்போக்கர்தான் அனுமதி.

உலகத்தில் வேறு எந்தத் தொழிலும் இப்படி நடக்கவில்லை என்றேன். "அதான் மத்த அகராதியெல்லாம் அப்படி இருக்கு" என்றார் மேடம்.

ஆகஸ்ட் 6, புதன்

ஆக்ஸில், ஆக்ஸிஸ், ஆக்ஸியல் மூன்றையும் ஒரே நாளில் முடித்தேன். அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் முப்பத்திரண்டு வருடம் ஃபிட்டர். காலையில் காபி குடிக்கும்போது சும்மா "அச்சு" என்று மட்டும் சொன்னேன். இருபது நிமிடம் பேசினார். எழுதிக்கொண்டேன்.

ஒரு எழுத்தின் கடைசிப் பத்துச் சொற்களை ஒன்று விடாமல் நேரில் போய்ச் சரிபார்ப்பார்களாம். மற்றவற்றில் பத்துக்கு ஒன்று. சரிபார்ப்பவர் பூங்கோதை. மொழியியல் படித்தவர், ஸ்கூட்டர் வைத்திருக்கிறார். மாலையில் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் கேட்டார். அப்பா டிபன் பிளேட்டையும் இரண்டு டம்ளரையும் வைத்து முழு வண்டியையே கட்டிக் காட்டினார். பூங்கோதை சலிக்காமல் கேட்டார். மூன்று வடை சாப்பிட்டார். பச்சை நிறச் சுடிதார்.

இந்த விவரங்கள் அட்டைக்குத் தேவையில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்று ஒன்பது அட்டை முடித்தேன். மெய்ப்பு பார்க்கும் உதுமான் அலி பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "தம்பி, நான் ஒன்பது வருசத்துல ஒரு நாளைக்கு ரெண்டு வாக்கியத்துக்கு மேல கேட்டதில்ல. ஒங்களுக்கு மட்டும் ஊரே வந்து காதுல ஓதுதா?" என்றார்.

காது இருந்தால் கேட்கும் என்றேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஆக்வர்ட்.

காலை பத்தரைக்கு இந்தச் சொல்லை எடுத்தோம். மதியம் ஒன்றரைக்கும் அதே இடத்தில் இருந்தோம்.

மேடம் 'சங்கடமான' என்றார். பூங்கோதை ஒத்துக்கொள்ளவில்லை. "கடன் கேட்டு வந்தா சங்கடம் மேடம். லிஃப்ட்ல தெரியாத ஆளோட தனியா நிக்கிறது சங்கடமா? அது வேற." அவர் 'கூச்சமான' என்றார். "அப்ப மாடிப்படி திரும்பாத பீரோவுக்கு என்ன சொல்லுவீங்க? அதுக்கும் இங்கிலீஷ்ல இதே வார்த்தைதான். பீரோவுக்குக் கூச்சமா?" என்று பாய் கேட்டார். அவர் 'ஏடாகூடமான' என்றார். ஏடாகூடம் என்றால் போலீஸ் வந்துவிடும் என்றார் மேடம்.

மூன்றையும் கமா போட்டு எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகலாம் என்றேன்.

"கமா போட்டா வேலை முடிஞ்சிருச்சுன்னு அர்த்தமில்ல, லூர்து. முடியலன்னு அர்த்தம்" என்றார் மேடம்.

ஆகஸ்ட் 13, புதன்

ஆக்வர்ட். இன்றும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பிறப்பு தெரிந்தால் பொருள் தெரியும் என்று, இருக்கிற தடித்த புத்தகங்களையெல்லாம் நானே எடுத்துப் பார்த்தேன். 'ஆக்' என்பது வடகடல் பக்கத்து ஆட்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த பழைய சொல். தப்பான பக்கம் திரும்பியது என்று பொருள். 'வர்ட்' என்றால் திசை. ஆகத் 'தப்பான திசையில்'. முதலில் வாளைப் புறங்கையால் வீசும் வீச்சுக்கு இப்படிச் சொல்லியிருக்கிறார்கள். பிறகு கைகால் ஒழுங்காக வராத ஆளுக்கு. அதற்கும் பிறகுதான் ஆட்கள் நடுவில் விழுகிற மௌனத்துக்கு. வாள், ஆள், மௌனம். இந்த வரிசை எனக்குப் பிடித்திருந்தது. இதை இன்ஜினியர்கூடப் புரிந்துகொள்ளலாம்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். "லெஃப்ட் ஹேண்ட் த்ரெட்டு மாதிரியா, இடப்பக்கம் முறுக்குனா இறுகுற மரை?" என்று உடனே பிடித்துக்கொண்டார். ஆமாம் என்றேன். "ஒன்ன மாதிரின்னு சொல்லு. ஊரே முறுக்குற பக்கம் முறுக்குனா கழண்டுக்குவ."

அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

பிறப்பு கிடைத்தது, பொருள் கிடைக்கவில்லை, வாக்கியமும் கிடைக்கவில்லை. வெளியே போய்க் கேட்பது என்று முடிவு செய்தேன்.

நேற்று பூங்கோதையின் அக்கா புது வீடு புகுந்தார். கூட்டம் இருக்கும், ஆக்வர்டாக ஏதாவது நடக்கும் என்று பூங்கோதையே ஸ்கூட்டரில் கூட்டிப் போனார். நல்ல வீடு. ஆனால் ஹாலின் தரை வாசல் பக்கம் சாய்ந்திருந்தது. அக்கா வீட்டுக்காரர் "வீடு எப்படிங்க இருக்கு?" என்று என்னிடம் கேட்டார். கேட்டதால் சொன்னேன். அவர் நம்பவில்லை. எனவே பூஜைத் தட்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து ஹாலின் நடுவில் வைத்துக் காட்டினேன். அது தானே உருண்டு, விருந்தாளிகள் கால்களுக்கு இடையில் போய், வாசற்படியில் நின்றது. மேஸ்திரியும் அங்கேதான் இருந்தார்.

ஒருவரும் பேசவில்லை. சாதாரணமாக அரை நிமிடம் அமைதியாக இருந்தார்கள். நான் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். சங்கடமாக யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆக்வர்டுக்கு ஒன்றும் தேறவில்லை.

திரும்பும்போது பூங்கோதை முன்பே கிளம்பிப் போயிருந்தார். ஏதோ அவசரம் போல. பஸ்ஸில் வந்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பூங்கோதை இன்று பேசவில்லை. தொண்டை கட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மற்ற எல்லாச் சொற்களும் முடிந்துவிட்டன. ஆக்வர்ட் மட்டும்தான் பாக்கி. மேடம் அட்டைப் பெட்டியைப் பார்த்து, "வழிப்போக்கர் நாப்பதும் தீந்துபோச்சே!" என்றார். "ஒன்பது வருசத்துல ஒரு வழிப்போக்கர்கூட எழுதல நாங்க. எல்லாம் நீங்க எழுதினதா?"

திருச்சி பெரிய ஊர், பெயர் கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறார்கள் என்றேன்.

அதனால் ஆக்வர்டுக்குப் பெயர், தெரு, தொழில் எல்லாம் வேண்டும். அச்சகத்துக்கு இன்னும் ஐந்து வாரம். ஒரு சொல்லுக்காக என் வேலை நிற்கிறது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஆக்வர்ட் முடிந்தது.

பேசியவர்: சேவியர், சைக்கிள் கடை, பாலக்கரை. நாள்: ஆகஸ்ட் 28. வாக்கியம்: "சம்பந்தி வீட்டார் திடீரென்று வந்து நின்றபோது நான் துண்டோடு நின்றுகொண்டிருந்தேன். மிகவும் சங்கடமாகப் போய்விட்டது."

மேடம் படித்துவிட்டுத் தலையாட்டினார். பாயும் கையெழுத்துப் போட்டார்.

இங்கே ஒரு விஷயம் எழுதிவைக்கிறேன், இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை. பாலக்கரையில் சேவியர் இல்லாத தெரு கிடையாது. எனவே ஒரு சேவியர் இப்படிச் சொல்லியிருப்பதற்கான நிகழ்தகவு மிக அதிகம். கடைசிப் பத்துச் சொற்களைத்தான் ஒன்று விடாமல் சரிபார்ப்பார்கள். ஆக்வர்ட் கடைசியிலிருந்து பதினொன்றாவது. இரண்டு முறை எண்ணினேன்.

செப்டம்பர் 1, திங்கள்

மேடம் போன வாரமே ஆக்ஸியமேட்டிக் என்ற சொல்லை எடுத்துவிட்டாராம். ஆக்ஸியமே போதும் என்று.

ஆக்வர்ட் இப்போது பத்தாவது.

பூங்கோதை நாளை பாலக்கரை போகிறார். சேவியர் ஊரில் இல்லை, வேளாங்கண்ணி போயிருக்கிறார் என்று சொல்லிப் பார்த்தேன். "சைக்கிள் கடைக்காரர் வேளாங்கண்ணி போறத ஒங்ககிட்ட சொல்லிட்டா போனாரு? அவ்ளோ பழக்கமா? அப்ப ஃபோன் நம்பர் குடுங்களேன்" என்றார். தொண்டை சரியாகிவிட்டது.

செப்டம்பர் 2, செவ்வாய்

காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்துவிட்டார்.

மூன்று மணிக்குப் பூங்கோதை படியேறி வந்தார். அட்டையைப் பெட்டியில் போட்டார்.

"சரிபாத்தாச்சு மேடம். சேவியரப் பாத்தேன். அவர்தான் சொன்னாராம்."

எனக்குக் கேட்டது சரிதானா என்று தெரியவில்லை. எந்தச் சேவியர் என்று கேட்டேன்.

"நீங்க கேட்ட சேவியர்தான். வேற எந்தச் சேவியர்? மொத ரெண்டு பேரு இல்லன்னாங்க. மூணாவது கடைல, இந்த மாதிரி சார், அகராதில ஒங்க பேரு வரப்போகுது, இந்த வாக்கியம் நீங்க சொன்னதான்னு படிச்சுக் காட்டினேன். ஆமா, நான்தான்னாரு. நன்னாரி சர்பத் வாங்கிக் குடுத்தாரு."

நான் உருவாக்கிய ஆள் சர்பத் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

செப்டம்பர் 5, வெள்ளி

சேவியர் வந்துவிட்டார்.

ஐம்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. ஒரு பெட்டி லட்டு. வந்தவர் நேராக என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, அன்னைக்கு நீங்க பங்சர் ஒட்ட வந்தப்ப சும்மா பேச்சுவாக்குல சொன்னேன். இவ்ளோ தூரம் போகும்னு நெனைக்கல" என்றார். என்னிடம் சைக்கிள் கிடையாது. அவர் கண்ணைச் சிமிட்டவும் இல்லை. முழுசாக நம்புகிறார்.

மேடத்திடம் மூன்று கோரிக்கை வைத்தார். பெயரை எம். சேவியர் என்று போட வேண்டும். கடைப் பெயரும் வர வேண்டும். முடிந்தால் ஒரு போட்டோ. அகராதியில் போட்டோ வராது என்று மேடம் சொன்னதும், "பரவால்லம்மா, பேரு நின்னாப் போதும். எங்க தெருவுல டாக்டர் இருக்காரு, வக்கீல் இருக்காரு, டிக்‌ஷனரில எவன் இருக்கான்?" என்றார். நேற்று மாலைப் பூசை முடிந்து தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டதாம்.

போகும்போது இன்னும் நாலு வாக்கியம் சொல்லிவிட்டுப் போனார். 'பி'க்கு வைத்துக்கொள்ளச் சொன்னார்.

லட்டு நன்றாகத்தான் இருந்தது. பாதியைப் பாயிடம் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

சரிபார்ப்பு முடிந்த அட்டைகளை மென்பொருளில் ஏற்றச் சொன்னார்கள். ஆக்வர்டை மட்டும் ஏற்றவில்லை. சர்வர் மெதுவாக இருக்கிறது என்றேன். சர்வரை எழுதியது நான்.

செப்டம்பர் 12, வெள்ளி

காலை பதினொன்றுக்குப் படியில் சத்தம். சேவியர் முன்னால் வந்தார், அல்லது தள்ளப்பட்டார். பின்னால் ஒரு அம்மா. அவர் மனைவி ஜெபமாலை.

"இங்க யாரும்மா டிக்‌ஷனரி எழுதுறது?" என்று கேட்டார். மேடம் எழுந்தார். "இந்த ஆளு சொன்னதா என்ன எழுதிருக்கீங்க? வாசிங்க, நான் கேக்கணும். தெருவுல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

பூங்கோதை அட்டையை எடுத்துப் படித்தார். சம்பந்தி வீட்டார் திடீரென்று வந்து நின்றபோது.

"நிறுத்துங்க. எந்தச் சம்பந்தி?"

யாருக்கும் புரியவில்லை.

"எங்களுக்கு ஒரே பொண்ணு. பன்னெண்டாப்பு படிக்குது. இன்னும் பரீட்சையே எழுதல. சம்பந்தி எங்கேருந்து வந்தான்? இந்த மனுசன் எந்த வீட்டுல துண்டோட நின்னாரு? அந்த வீட்டுல எத்தன புள்ள? எத்தன வருசமா நடக்குது? பேசும்யா! சிங்காரமாச் சட்ட போட்டுட்டு வந்து பேரு குடுத்தீர்ல, இப்ப பேசும்!"

சேவியர் சட்டைக் காலரைச் சரிசெய்தார். எனக்கு அவருடைய நிலைமை வரைபடம் போலத் தெரிந்தது. சொன்னேன் என்றால் இன்னொரு குடும்பம். சொல்லவில்லை என்றால் தெரு முழுக்கப் பொய்யன். அவர் என்னைப் பார்த்தார். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதைக் குறித்துவைக்க வேண்டும். அவருக்குக் காட்டிக்கொடுக்க ஒன்றும் இல்லை. நான் வராத கடைக்கு நான் வந்ததாக அவரே நம்பிவிட்டார்.

நிரந்தர வேலைக்குப் பதினெட்டு நாள் பாக்கி. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார்கள். ஜெபமாலை முந்தானையால் கண்ணைத் துடைத்தார். கோபம் என்று நினைத்திருந்தேன். அது கோபம் இல்லை.

"அவர் சொல்லலம்மா" என்றேன். "அவர நான் பாத்ததே இல்ல. நானா எழுதினேன். பாலக்கரையில சேவியர் நெறைய இருப்பாங்கன்னு பேரப் போட்டேன். சம்பந்தியும் இல்ல, துண்டும் இல்ல."

மௌனம்.

மின்விசிறிச் சத்தம் கேட்டது. கீழே ஸ்கேன் சென்டரில் யாரோ ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். பாய் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார், அது சுத்தமாகத்தான் இருந்தது. மேடம் ஜன்னலைப் பார்த்தார். பூங்கோதை அட்டையைப் பார்த்தார். ஜெபமாலை தன் கணவரைப் பார்த்து, "அப்ப நீரு சொல்லவே இல்லியா? பொய்யா தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சீரா?" என்று கேட்டார். குரல் பாதியாக இறங்கியிருந்தது.

எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மேசையில் வைத்தேன், எடுத்தேன், பாக்கெட்டில் விட்டேன். எவ்வளவு நேரம் என்று அளக்கவில்லை. நான் அளக்காமல் விட்டது இதுதான் முதல் தடவை.

கடைசியில் சேவியர்தான் பேசினார். தரையைப் பார்த்துக்கொண்டு, யாருக்கும் சொல்லாததுபோல.

"எந்திரிச்சுப் போறதுக்கும் ஒரு மாதிரியா இருக்கு. ஒக்காந்திருக்கவும் ஒரு மாதிரியா இருக்கு."

மேடம் ஜன்னலிலிருந்து திரும்பினார். பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பூங்கோதை ஏற்கனவே புது அட்டை எடுத்து எழுதிக்கொண்டிருந்தார்.

ஒரு மாதிரியான. ஒரு மாதத்தில் நாங்கள் நாலு பேரும் இதை யோசிக்கவில்லை. லிஃப்டில் தெரியாத ஆளோடு நின்றால் ஒரு மாதிரி. திரும்பாத பீரோவை இரண்டு பேர் படியில் தூக்கி நிற்கும்போது அது ஒரு மாதிரி நிற்கும். எந்த மாதிரி என்று சொல்ல வராது. அதுதான் பொருளே.

"சார், ஒங்க பேரு எம். சேவியர்தானே?" என்று பூங்கோதை கேட்டார்.

"நிசமாவே வருமா?" என்றார் சேவியர்.

ஜெபமாலை பெரிய மூச்சு விட்டார். "எழுதிக்குங்கம்மா. இதத்தான் சொன்னாரு. நான் சாட்சி. சம்பந்தி கிம்பந்தி வராமப் பாத்துக்குங்க."

அவர்கள் போனதும் மேடம் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "எத்தன?"

"நாற்பத்தொன்று" என்றேன்.

செப்டம்பர் 13, சனி

என் மேசையில் நாற்பது வழிப்போக்கர்களும் அடுக்கப்பட்டிருந்தார்கள்.

"முப்பதாம் தேதி அச்சகம். நாப்பதுக்கும் நிஜ வாக்கியம் வேணும்" என்றார் மேடம். கொண்டுவந்தால் என் வேலை இருக்குமா என்று கேட்டேன். "கொண்டுவந்தா ஏ இருக்கும். ஒங்க விஷயம் வேற."

பூங்கோதைக்கு முன்பே சந்தேகமாம். "ஒங்க வழிப்போக்கர் நாப்பது பேரும் எழுவாய், பயனிலை எல்லாம் வச்சு முழுசாப் பேசுறாங்க. திருச்சியில யாரு அப்படிப் பேசுறா? நீங்க ஒருத்தர்தான் பேசுறீங்க." பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். எங்க அக்கா வீட்டுல அவ்ளோ உண்மை பேசின ஆளு."

அந்தத் தரையை இப்போது உடைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்களாம். மேஸ்திரி செலவில். அக்கா வீட்டுக்காரர் எனக்கு நன்றி சொல்லச் சொன்னாராம், ஆனால் வீட்டுக்கு மட்டும் வரவேண்டாம் என்றாராம்.

செப்டம்பர் 17, புதன்

பூங்கோதையோடு காந்தி மார்க்கெட். நான் 'அவரிஸ்' அட்டைக்காக ஒரு வெங்காய வியாபாரியிடம், "நீங்க பேராசை பற்றி என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டேன். அவர் எங்களை வருமான வரி என்று நினைத்துக் கடையைச் சாத்திவிட்டார்.

"கேக்காதீங்க" என்றார் பூங்கோதை. "சும்மா ஒரு ஓரமா ஒக்காருங்க. வாய மூடுங்க. இந்த வேலைல ரெண்டே டெக்னிக்தான், ரெண்டும் சொல்லிட்டேன்."

ஒன்றே கால் மணி நேரம் வாயை மூடி உட்கார்ந்தேன். நான்கு வாக்கியம் கிடைத்தது.

செப்டம்பர் 22, திங்கள்

பத்தொன்பது.

நல்ல இடம் எங்கள் கட்டடத்திலேயே இருக்கிறது. ஸ்கேன் சென்டரில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லி உட்காரவைத்துவிடுகிறார்கள். அங்கே காத்திருப்பவர்கள் போல உண்மை பேசுபவர்கள் ஊரில் யாரும் இல்லை. காத்திரு, தவி, கெஞ்சு, வெட்கப்படு என்று பொருள் தரும் 'ஏ' சொற்களுக்கான வாக்கியங்கள் எல்லாம் ஒரே பெஞ்சில் கிடைத்தன. கேட்டு எழுதியவர்களிடம் பிறகு பெயரும் கேட்டு, எதற்கு என்றும் சொன்னேன். ஒரு பெரியவர், "என் பேரு வரட்டும், என்ன ஸ்கேனுன்னு மட்டும் போடாதீங்க" என்றார்.

செப்டம்பர் 25, வியாழன்

முப்பத்தொன்று. இன்று டீக்கடையில், பஸ்ஸில், எங்கள் தெருவில் என்று மூன்று இடத்தில் 'ஒரு மாதிரியா இருக்கு' காதில் விழுந்தது. அதில் ஒன்று எங்கள் அம்மா, நான் பக்கத்து வீட்டு மாப்பிள்ளையிடம் அவர் சம்பளம் கேட்டபோது. இதற்கு முன்பும் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 29, திங்கள்

முப்பத்தொன்பது. அசெட்டிக் என்ற ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. ஆசைகளைச் சுருக்கி எளிமையாக வாழ்கிற ஆள் என்று பொருள். நானும் பூங்கோதையும் மூன்று நாள் அலைந்தோம். ஒருவரைப் பற்றியும் ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. மேடம் சொல்லையே எடுத்துவிட்டார்.

"அப்படி ஒரு ஆளு திருச்சியில இல்லன்னு பதிவு பண்ணிட்டோம்" என்றார் பாய்.

செப்டம்பர் 30, செவ்வாய்

காலை 'ஏ' அச்சகத்துக்குப் போனது. பாய் கையால் கொண்டுபோய்க் கொடுத்தார், என் மென்பொருளை நம்பாமல்.

மதியம் மேடம் கூப்பிட்டார். "என் இடத்துல நீங்க இருக்கீங்கன்னு வைங்க. சொல்லுங்க, ஒங்கள நிரந்தரம் பண்ணலாமா?"

"கூடாது மேடம்" என்றேன். "லேபில் இப்படி ஒருத்தன் நாற்பத்தொரு கேஜுக்குப் பொய்யா ரீடிங் போட்டிருந்தா நானே வெளிய அனுப்பியிருப்பேன்."

வெளியே நின்றுகொண்டிருந்த பூங்கோதை "அய்யோ" என்று சொன்னது கேட்டது. மேடம் ரொம்ப நேரம் பேசவில்லை. இந்தத் தடவை அது என்ன மௌனம் என்று எனக்குத் தெரிந்தது. கையை மேசை மேலேயே வைத்திருந்தேன்.

பிறகு ஒரு கடிதத்தை நீட்டினார். காலையிலேயே தட்டச்சு செய்து வைத்திருக்கிறார். தகுதிகாண் காலம் 'பி' எழுத்து முடியும்வரை நீட்டிக்கப்படுகிறது. வாக்கியங்களை இனிமேல் பூங்கோதையோடு நேரில் போய்க் கேட்டு எழுத வேண்டும். ஒரு எழுத்துக்கு எனக்கு மட்டும் வழிப்போக்கர் பூஜ்யம்.

பாய் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு ஒரு எழுத்துப் பிழை கண்டுபிடித்தார்.

பூங்கோதை, "நாளைக்குக் காலைல ஒன்பதுக்கு வீட்டு வாசல்ல நில்லுங்க, நானே வந்து ஏத்திக்கிறேன். ஒங்கள பஸ்ல விட்டா கண்டக்டர்கிட்ட ஏதாவது உண்மை சொல்லுவீங்க" என்றார்.

வீட்டில் அப்பா கதவைத் திறந்ததும் கேட்டார்.

"என்னடா, வேல நிரந்தரமா?"

"தற்காலிகம்ப்பா."

"எத்தன நாளைக்கு?"

"பி முடியிற வரைக்கும்."

"ஏ முடிக்க எவ்ளோ நாளாச்சு?"

"ஒன்பது வருசம்."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "பிக்கு அப்புறம்?"

"சி."

"மொத்தம் எத்தன எழுத்துடா இங்கிலீஷ்ல?"

"இருபத்தாறு."

முப்பத்திரண்டு வருடம் பட்டறையில் இருந்தவர். உதட்டுக்குள் பெருக்கிப் பார்த்தார். ஒரு தடவை தப்பு வந்து மறுபடியும் பெருக்கினார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டார், பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வரப் போகிறாராம்.

"எடேய், இது நிரந்தரத்தவிடப் பெருசுடா."